நவஹோ ஆடைப் போர்வையை இனங்காண ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மாநிலங்களில் பரவிக்கிடக்கும் வறண்ட மேட்டுநிலத்தில் வாழும் நவஹோ மக்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஏறத்தாழ 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இவர்களுடைய பெண்கள் நெய்த கம்பளிப் போர்வைகள் முதலில் தோளில் போர்த்திக்கொள்வதற்கும், இடுப்பில் கட்டிக்கொள்வதற்கும், பிற இனத்தாருக்குப் பண்டமாற்றாகக் கொடுப்பதற்கும் உரியவையாக இருந்தன. சுவரில் மாட்டுவதும் தரையில் விரிப்பதும் பின்னால் வந்த பழக்கங்கள். அருங்காட்சியகத்திலோ, ஏல நிறுவனத்தின் விவரப் பட்டியலிலோ, பயணத்தின்போது ஒரு கடையிலோ இத்தகைய போர்வை ஒன்றைக் காணும் தமிழ் வாசகர், அது எந்தக் காலத்தது, எதற்காக நெய்யப்பட்டது, உண்மையிலேயே நவஹோ தறியில் பிறந்ததா என்பனவற்றைத் தாமே ஓரளவு கணிக்க உதவுவது இந்த வழிகாட்டியின் நோக்கம்.

இதில் பின்பற்றப்படும் வரிசை சிலருக்குத் தலைகீழாகத் தோன்றலாம். பெரும்பாலோர் முதலில் கோலத்தைத்தான் பார்க்கிறார்கள். படியேறும் முக்கோணம், வைரக்கட்டம், சிவப்பும் கறுப்புமான பட்டை ஆகியவற்றைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கோலத்தை யாரும் நகலெடுக்க முடியும் என்பதோடு, மிகுதியாக நகலெடுக்கப்பட்டதும் அதுவே. தறியின் அமைப்பு துணியின் ஓரங்களில் விட்டுச்செல்லும் தடமும், நூல் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்றும் அவ்வளவு எளிதில் போலியாக வருவதில்லை. ஆகவே இங்கே வடிவமும் ஓரமும் முதலில் வருகின்றன. நூலும் சாயமும் அடுத்து வருகின்றன. கோலம் அவற்றுக்குப் பிறகே வருகிறது.

தொடங்குவதற்கு முன்: தேவையான வரலாறு

நவஹோ பெண்கள் நெசவைக் கற்றது தம் அண்டை இனத்தாரான புவெப்லோ மக்களிடமிருந்து என்பதே ஆய்வாளர்களின் பொதுக்கருத்து. புவெப்லோக்கள் ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நிமிர்ந்த தறியில் பருத்தி நெய்தவர்கள். அவர்களிடையே நெசவு பெரும்பாலும் ஆண்களின் வேலையாக இருந்தது, நவஹோக்களிடம் அது பெண்களின் கைக்கு வந்தது. 1598-இல் ஓன்யாத்தேயின் தலைமையில் குடியேறிய ஸ்பானியர் சுர்ரோ என்ற செம்மறி இனத்தைக் கொண்டுவந்தார்கள். 1680-இல் புவெப்லோக்கள் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து வெளியேற்றினார்கள். 1692-இல் ஸ்பானியர் திரும்பி வந்தபோது பல புவெப்லோ குடும்பங்கள் நவஹோக்களிடையே அடைக்கலம் புகுந்தன. நெசவு நுட்பங்கள் கைமாறுவதற்கு இது பெரிதும் துணைசெய்தது.

நவஹோ மரபு இதை வேறுவிதமாகச் சொல்கிறது. கேன்யன் டி ஷே என்ற செம்மண்பாறைப் பள்ளத்தாக்கில் தனித்து எழுந்து நிற்கும் ஸ்பைடர் ராக் தூணின் உச்சியில் வாழும் சிலந்திப் பெண்தான் நெசவைக் கற்பித்தாள் என்பது அவர்களது நம்பிக்கை. அவள் கணவன் சொல்லிக்கொடுத்தபடி அமைந்த முதல் தறியின் குறுக்கு மரங்கள் வானத்தாலும் பூமியாலும், பாவுக் கோல்கள் கதிரவனின் கதிர்களாலும் ஆனவை. இந்தக் கதையை அலங்காரமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இன்றும் பல நெசவாளர்கள் தறியையும் கருவிகளையும் நடத்தும் விதத்தில் இதன் ஒழுங்கு இருக்கிறது.

காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய நவஹோ துணிகள் ஒரு கொடுமையின் எச்சங்கள். 1805-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அந்தோனியோ நார்போனாவின் தலைமையில் வந்த ஸ்பானியப் படை, கேன்யன் டி ஷேயின் உயர்ந்த குகைத்திட்டு ஒன்றில் ஒளிந்திருந்த நவஹோக்களைச் சுட்டுக்கொன்றது. அந்த இடத்திற்குத் திரும்பிச் செல்ல நவஹோக்கள் விரும்பவில்லை. அதனால் இறந்தவர்கள் உடுத்தியிருந்த துணிகளின் துண்டுகள் ஒரு நூற்றாண்டளவு அங்கேயே கிடந்தன. பின்னர் எடுக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்குச் சென்ற அந்தத் துண்டுகளே, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நவஹோ ஆடை எப்படி இருந்தது என்பதற்கான அளவுகோலாக இருக்கின்றன.

முதல் படி: துணியை ஓர் உடலின்மேல் கற்பனை செய்யுங்கள்

போர்வையின் நீள அகலத்தைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, பாவு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். தறியில் மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டப்படுவது பாவு, குறுக்கே செல்வது ஊடை. நவஹோ போர்வையில் ஊடை நெருக்கமாக அடிக்கப்பட்டுப் பாவை முழுவதும் மூடிவிடுவதால் பாவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துணியைத் தடவினால் அது ஓடும் திசையில் மெல்லிய வரப்புகளாகக் கையில் படும்.

தோளில் போர்த்தும் போர்வை பாவின் திசையில் குட்டையாகவும் ஊடையின் திசையில் நீண்டும் இருக்கும். ஆண்கள் போர்த்தியவை பெரும்பாலும் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான உயரமும் ஆறடியை ஒட்டிய அகலமும் கொண்டவை. பட்டைகள் அகலவாட்டில் ஓடுவதால், போர்த்தியதும் அவை உடலைச் சுற்றி வளையங்களாக அமைகின்றன. செராப்பே எனப்படும் மற்றொரு வகை, மெக்சிகோவின் சால்டியோ நகரத்து ஆடையின் செல்வாக்கில் வளர்ந்தது. அது பாவின் திசையில் நீண்டிருக்கும். சில செராப்பேக்களில் தலை நுழைவதற்கு நடுவில் ஒரு திறப்பு நெசவிலேயே விடப்பட்டிருக்கும்.

நான்கு பக்கமும் சட்டம்போல் கரை ஓடினால், அது ஆடைப் போர்வையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்தச் சட்டம், 1890-கள் முதல் கிழக்கு மாநிலங்களின் வீடுகளுக்குத் தரைவிரிப்பு விற்ற வணிகர்கள் பாரசீக விரிப்புகளை மனத்தில் கொண்டு ஊக்குவித்தது. சட்டத்தின் ஒரு மூலையில் உள்ளிருந்து விளிம்புவரை செல்லும் மெல்லிய கோடு, நெய்தவளின் மனம் துணிக்குள் அடைபடாமல் வெளியேறும் வழி என்று சொல்லப்படுகிறது. சட்டமே இல்லாத பழைய போர்வையில் அந்தக் கோட்டுக்கு வேலையில்லை. ஆகவே 1850-ஐச் சேர்ந்த போர்வை என்று சொல்லிக்கொண்டே அந்தக் கோட்டைச் சுட்டிக்காட்டும் விற்பனையாளரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இரண்டாம் படி: நான்கு ஓரங்களையும் சுற்றிவந்து பாருங்கள்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

நவஹோ தறி நிமிர்ந்து நிற்கும் ஒரு மரச்சட்டம். மிதியோ, நாடாவோ, பாவைச் சுருட்டி வைக்கும் உருளையோ அதில் இல்லை. நெசவாளர் முதலில் தரையில் இரண்டு கோல்களைத் தேவையான தூரத்தில் இணையாக நிறுத்தி, ஒரே தொடர்நூலை எட்டு என்ற எண்ணின் வடிவில் மாறிமாறிச் சுற்றுகிறார். பின்பு ஒவ்வொரு முனையிலும், பாவின் திருப்பங்களைத் தடித்த முறுக்குக்கயிறுகளால் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னிப் பிணைக்கிறார். பாவுகளுக்கிடையிலான இடைவெளியை நிலைநிறுத்துவதும் இந்தக் கயிறுகள்தான். அதன் பிறகு அந்தக் கயிற்று விளிம்புகள் தறியின் மேல்மரத்திலும் கீழ்மரத்திலும் கட்டப்பட்டு, முழுப் பாவும் விறைப்பாக நிமிர்த்தப்படுகிறது. இரு பக்கங்களிலும் தனியாகத் தொங்கும் ஓரக்கயிறுகளை நெசவின்போது இடைவெளி விட்டு முறுக்கி, ஊடையோடு சேர்த்துக்கொண்டே போகிறார்.

இதன் விளைவுகளை நேரடியாகக் காணலாம். பாவு எங்கேயும் வெட்டப்படுவதில்லை. ஆகவே மேல்கீழ் விளிம்புகளில் குஞ்சம் இருக்காது, தறியில் கட்டும்போது முடிவான அளவில் நான்கு பக்கமும் மூடிய ஒரு துணிதான் இறங்கும். மூலைகளில் ஓரக்கயிறுகளின் நுனிகள் சிறு குச்சமாக முடியப்பட்டிருக்கும். பழைய துணிகளில் இவை தேய்ந்தோ, பின்னால் புதுப்பிக்கப்பட்டோ இருக்கலாம். நெசவு மேலே நெருங்க நெருங்கப் பாவுகளுக்கிடையே விரல் நுழையாது. மெல்லிய குச்சியாலும், கடைசியில் ஊசியாலும்தான் ஊடையைச் செலுத்த முடியும். அதனால் ஒரு விளிம்பை ஒட்டிய சில விரற்கடை அளவு நெசவு மற்ற இடங்களிலிருந்து சற்று மாறியிருப்பது இயல்பு. அதைக் குறை என்று எண்ண வேண்டாம்; எனக்கு அது ஒரு நற்சான்றாகவே படுகிறது.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். நியூ மெக்சிகோவின் ஸ்பானியக் குடியேறிகள் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் மிதித்தறியில் நெய்த போர்வைகளில் பாவு வெட்டப்பட்டு, முனைகள் முடிச்சாகவோ குஞ்சமாகவோ நிற்கும்; தறி குறுகியது என்பதால் இரண்டு பட்டைகளை நடுவில் தைத்திருப்பார்கள், அல்லது மடித்து நெய்ததன் அடையாளமாக நடுவில் பாவுகள் இரட்டையாக இருக்கும். மெக்சிகோவின் ஓவாஹாக்கா பகுதியில் நெய்யப்படும் நவஹோ பாணி விரிப்புகளில் பக்க ஓரத்தின் கடைசிப் பாவுகள் பலமடியாகத் தடித்திருக்கும். வெட்டிய முனைகள் ஊசியால் துணிக்குள் திருப்பிச் செருகப்பட்டிருப்பதும் உண்டு. விளிம்பை விரலால் வளைத்து உற்றுப் பார்த்தால் செருகிய இடம் புடைத்துத் தெரியும்.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. நியூ மெக்சிகோவின் கேலப் நகரச் சந்தைக்காக நெய்யப்பட்ட சிறு விரிப்புகளில் ஒரு முனையில் குஞ்சம் விடுவதுண்டு. அவை நவஹோ நெசவுதான், ஆனால் ஆடைப் போர்வைகள் அல்ல. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஸ்பானிய, மெக்சிகக் குடும்பங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த நவஹோ பெண்கள் நெய்தவற்றில் நவஹோ தறியின் ஓரக்கயிறுகளும் ரியோ கிராண்டே நூலும் கோலமும் ஒரே துணியில் கலந்து காணப்படும். இவற்றை வகைப்படுத்த நூலிழைகளைவிட வரலாறுதான் உதவும்.

மூன்றாம் படி: சாய்ந்தோடும் கோடுகளைத் தேடுங்கள்

ஆறடி அகலப் பாவின்முன் அமர்ந்திருக்கும் ஒருவரால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கையை நீட்ட முடியாது. ஆகவே அவர் தம் கை எட்டும் பகுதியில் ஊடையைப் பல வரிசைகள் ஏற்றிவிட்டு, பின்பு நகர்ந்து அடுத்த பகுதியை நிரப்புகிறார். இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடம் ஒரே நிறத்துக்குள்ளேயே சாய்வான மெல்லிய கோடாகத் தெரியும். சேகரிப்பாளர்கள் இதற்குச் சோம்பல் கோடு என்று பெயர் வைத்துவிட்டார்கள்; உழைப்பைச் சிக்கனமாகப் பயன்படுத்தியதற்கு இது நியாயமற்ற பெயர்.

துணியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இந்தக் கோடுகள் எளிதில் தென்படும். மிதித்தறியில் ஊடை முழு அகலத்துக்கும் ஒரே வீச்சில் செல்வதால் அங்கே இவை வருவதில்லை. கோடு இல்லாவிட்டால் அது நவஹோ இல்லை என்று தீர்ப்பளிக்கக்கூடாது, ஏனெனில் சிறிய துணிகளிலும் பிற்காலத் துணிகளிலும் இவை இல்லாமல் போகலாம். ஆனால் இருந்தால் அது வலுவான சான்று.

நான்காம் படி: நூலைப் படியுங்கள்

ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் அனுமதித்தால், ஊடைகளை நகத்தால் மிக மெதுவாக விலக்கிப் பாவையும் பாருங்கள். நவஹோ போர்வையின் வரலாறு முழுவதும் நூலில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை; இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள்.

முதலில் கையால் நூற்ற நூல். சுர்ரோ ஆட்டின் கம்பளி நீண்ட இழை கொண்டது, சுருள் குறைந்தது, கொழுப்பும் குறைவு. தண்ணீர் அரிதான நிலத்தில் அதிகம் கழுவாமலே நூற்க அது ஏற்றது. பெண்கள் நீண்ட கோலும் வட்டமும் கொண்ட கதிரைத் தொடையில் உருட்டி, ஒற்றை இழையாக நூற்றார்கள். அந்த இழையின் முறுக்கு, வலப்பக்க மேலிருந்து இடப்பக்கக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். பழைய போர்வைகளில் வெள்ளையும் கரும்பழுப்பும் பெரும்பாலும் ஆட்டின் இயற்கை நிறங்களே. ஒரே பட்டைக்குள் நிறம் சற்றே ஏறியிறங்குவது கையால் வாரி நூற்றதன் அடையாளம். இந்தக் காலத்தில் பாவும் கையால் நூற்ற கம்பளிதான்.

அடுத்தது பிரித்தெடுத்த நூல். கம்பளியில் ஆழ்ந்த சிவப்பை ஏற்றக்கூடிய சாயம் நவஹோ நிலத்தில் கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் ஸ்பானிய வணிகர் வழியாக வந்த பயேட்டா என்ற சிவப்புக் கம்பளித் துணியை, அதில் பெரும்பகுதி இங்கிலாந்தில் நெய்யப்பட்டது, வாங்கி இழை இழையாகப் பிரித்து, அந்த நூலைத் தம் தறியில் மறுபடி நெய்தார்கள். ஒருவர் நெய்ததைப் பிரித்து இன்னொருவர் நெய்யும் இந்தப் பொறுமைக்கு ஈடாக வேறொரு கைத்தொழில் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. பிரித்த நூல் மெல்லியதாக இருக்கும். ஆகவே இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து ஒரே ஊடையாகச் செலுத்தியிருப்பார்கள், முறுக்கேற்றாமல் பக்கம் பக்கமாக அவை கிடக்கும். கையால் நூற்றதைவிட மென்மையும் பளபளப்பும் மிகுந்திருக்கும். பிரிக்க வராத துணியைச் சிதைத்து வெள்ளைக் கம்பளியோடு சேர்த்து வாரி நூற்றதும் உண்டு. அப்படி வந்த நூல் இளஞ்சிவப்பாக இருக்கும்.

மூன்றாவது ஆலை நூல். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாக்சனி எனப்படும் பட்டுபோன்ற மூன்றிழை நூல் சிறிதளவில் வந்தது. பின்னர் பிலடெல்பியாவை ஒட்டிய ஜெர்மன்டவுனின் பெயரால் வழங்கும் வணிக நூல் பெருமளவில் வந்தது. ஏறத்தாழ 1875 வரை அது மூன்றிழை, அதன் பிறகு நான்கிழை. இழைகளை எண்ணத் தெரிந்தவருக்கு இது ஒரு நாட்காட்டி. 1880-களில் ஜெர்மன்டவுன் நூலோடு பருத்திக் கயிற்றுப் பாவும் வந்தது. கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் பல்வரிசையாக விரியும் வைரக்கட்டங்கள் அந்தக் காலத்தவை. ஆனால் 1840-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் துணியில் ஆலைப் பருத்திப் பாவு இருந்தால், அந்தக் கூற்றை அங்கேயே விட்டுவிடலாம்.

இந்த நூல்மாற்றத்தின் பின்னால் நிற்பது ஓர் இனத்தின் துயரம். 1863-64-இல் அமெரிக்கப் படைத்தலைவர் கிட் கார்சனின் படைகள் நவஹோக்களின் பயிரையும் மந்தைகளையும் அழித்தன. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் நியூ மெக்சிகோவின் கிழக்கிலுள்ள போஸ்கே ரெடோண்டோவுக்குப் பல நூறு கிலோமீட்டர் நடத்திச் செல்லப்பட்டார்கள். அங்கே ஆடில்லை, கம்பளி இல்லை. அரசு கொடுத்த ஆலை நூலையும் துணியையும் கொண்டே பெண்கள் நெய்தார்கள். 1868 ஜூன் 1-இல் கையெழுத்தான உடன்படிக்கைக்குப் பிறகு அவர்கள் தம் நிலத்துக்குத் திரும்பினார்கள். அரசு ஆடுகளை வழங்கியது, ஆனால் நூலும் துணியும் தொடர்ந்து வந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இறைச்சிக்காகப் புகுத்தப்பட்ட ரம்பூயே இனத்தின் கம்பளி குட்டையாகவும் கொழுப்பு மிகுந்தும் சுருண்டும் இருந்ததால், அக்கால விரிப்புகளின் நூல் முடிச்சுமுடிச்சாகத் தெரியும். 1930-களில் மண்ணரிப்பைக் காரணம் காட்டி அரசு மந்தைகளைக் கட்டாயமாகக் குறைத்தபோது சுர்ரோ இனமே அழிவின் விளிம்புக்குப் போனது. 1977-இல் கால்நடை அறிஞர் லைல் மெக்நீல் தொடங்கிய முயற்சியும் நவஹோ ஆட்டுக்காரர்களின் பிடிவாதமும் அதை மீட்டன. இன்று சில நெசவாளர்கள் மறுபடியும் சுர்ரோ நூலில் நெய்கிறார்கள்.

ஐந்தாம் படி: சாயத்தைப் பற்றி அளவோடு முடிவு செய்யுங்கள்

நீலம் அவுரிதான், கட்டிகளாக மெக்சிகோ வழியே வடக்கே வந்ததை நவஹோ பெண்கள் புளிக்கவைத்த சிறுநீரில் கரைத்துத் தோய்த்தார்கள். மஞ்சளுக்கு ரேபிட்பிரஷ் என்ற புதரின் பூக்களும் இயற்கைப் படிகாரமும் பயன்பட்டன. மஞ்சளின்மேல் அவுரி ஏறினால் பச்சை.

பயேட்டாவின் சிவப்பு நமக்கு எதிர்பாராத ஒரு தொடர்பைக் காட்டுகிறது. பழைய துண்டுகளில் ஆய்வகங்கள் கண்டது அரக்குச் சாயம்; இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் அதே செந்நிறம். ஆசியாவிலிருந்து ஐரோப்பியச் சாயக்காரர்களின் கைக்குப் போய், துணியாகி, கடல் தாண்டி நியூ மெக்சிகோவுக்கு வந்து, பிரிக்கப்பட்டு நவஹோ தறியில் ஏறியது. காலம் செல்லச் செல்ல, மெக்சிகோவின் கள்ளிச்செடிகளில் வளரும் கொச்சினீல் பூச்சியின் சாயம் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டும் கலந்த நூல்களும் உண்டு. வெறும் கண்ணால் இவற்றைப் பிரித்தறிய முடியாது. சிவப்பு சற்று நீலம் கலந்திருந்தால் கொச்சினீல், பழுப்பாக இருந்தால் அரக்கு என்று ஒரு கடைக்காரர் சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வகச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

1856-இல் லண்டனில் பெர்க்கின் கண்டுபிடித்த செயற்கைச் சாயத்தின் வழிவந்தவை 1870-களில் நவஹோ நூலிலும் தென்படத் தொடங்கின. ஊடைகளை விலக்கிப் பார்க்கும்போது உள்ளே பளிச்சென்றும் மேற்பரப்பில் வெளுத்தும் இருந்தால், அல்லது சிவப்பு பக்கத்து வெள்ளைக்குள் கசிந்திருந்தால், செயற்கைச் சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆறாம் படி: இப்போது கோலத்தைப் பாருங்கள்

தோளில் போர்த்தும் ஆண்களின் போர்வை, தலைவர் போர்வை என்ற பெயரில் உலகமெங்கும் அறியப்படுகிறது. சமவெளியின் சையென், யூட் போன்ற இனங்களில் வசதி படைத்தவர்களே இதை வாங்க முடிந்தது என்பதால் வந்த பெயர் அது. 1833-இல் ஓவியர் கார்ல் பாட்மர் மிசௌரி ஆற்றின் மேற்பகுதியில், நவஹோ நிலத்திலிருந்து மிக நெடுந்தொலைவில், பிளாக்ஃபுட் இனத்தவர் ஒருவரை நவஹோ போர்வையோடு வரைந்திருக்கிறார். 1840-களில் வணிகர் ஜொசையா கிரெக், இந்தப் போர்வைகள் தண்ணீரையே தாங்கி நிறுத்தும் அளவுக்கு நெருக்கமானவை என்றும், ஐம்பது அறுபது டாலருக்கு விலைபோயின என்றும் எழுதினார்.

முதற் கட்டப் போர்வைகள் ஏறத்தாழ 1800 முதல் 1850 வரையிலானவை. வெள்ளையும் கரும்பழுப்புமான அகலப் பட்டைகள் மாறிமாறி வரும். மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் பழுப்புக்குள் அவுரி நீலக் கோடுகள் ஓடும், நடுப்பட்டை இரட்டை அகலத்தில் இருக்கும். சிவப்பே இல்லாதவை யூட் பாணி எனப்படுகின்றன. சிலவற்றில் பயேட்டாவின் மெல்லிய சிவப்புக் கோடு நீலத்தை ஒட்டிச் செல்லும். வேறு எந்த அணியும் இல்லாமல் பட்டைகளின் அளவாலேயே நிற்கும் இந்தப் போர்வைகளைத்தான் இந்த நெசவின் உச்சமாக நான் கருதுகிறேன். சந்தையும் அப்படியே கருதுகிறது: இத்தகைய ஒன்று 2012-இல் கலிபோர்னியா ஏலத்தில் 18 லட்சம் டாலருக்குப் போனது.

இரண்டாம் கட்டத்தில், 1850-ஐ ஒட்டி, நீலக் கோடுகளுக்குள் சிறு சிவப்புச் செவ்வகங்கள் இடம், நடு, வலம் என அமர்கின்றன. பன்னிரண்டு செவ்வகங்கள் கொண்ட அமைப்பு பரவலானது. மூன்றாம் கட்டத்தில், 1860-களிலிருந்து, அந்த இடங்களில் படிவிளிம்புள்ள வைரக்கட்டங்கள் வருகின்றன: மையத்தில் முழு வைரம், நான்கு விளிம்புகளின் நடுவில் அரை வைரம், நான்கு மூலைகளில் கால் வைரம்.

முதல் படியில் செய்த கற்பனைக்கு இங்கே பலன் கிடைக்கிறது. தட்டையாக விரித்து வைத்த மூன்றாம் கட்டப் போர்வை, விளிம்பில் வெட்டுண்ட கோலம்போலத் தோன்றும். அதை ஒருவர் போர்த்திக்கொண்டு முன்புறம் சேர்த்துப் பிடித்தால், இடவலப் பக்கங்களின் அரை வைரங்கள் மார்புக்கு நேரே சந்தித்து முழு வைரமாகின்றன. மூலைகளின் கால் வைரங்கள் மேலும் கீழும் அரை வைரங்களாகச் சேர்கின்றன. மைய வைரம் முதுகின் நடுவில் நிற்கிறது. ஆக, முன்னும் பின்னும் ஒரே கோலம். இந்தக் கணக்கு பொருந்தாமல், விளிம்புகளில் தன்னளவில் முடிந்த உருவங்கள் நிற்கும் துணி போர்த்துவதற்காகத் திட்டமிடப்பட்டதாக இருக்காது. 1880-களுக்குப் பிந்தையவற்றில் வைரங்கள் பெருத்துப் பட்டைகளை மறைத்துவிடுகின்றன. அவற்றில் பல விரிப்பாக விற்கவே நெய்யப்பட்டவை. அரிசோனாவின் கனாடோவில் கடை வைத்திருந்த வணிகர் லொரென்சோ ஹப்பெல் பழைய போர்வைக் கோலங்களைத் தடித்த விரிப்புகளில் மீண்டும் நெய்வித்தார். மடிக்கவே வராத கனத்தை வைத்து இவற்றை எளிதில் பிரித்தறியலாம்.

ஏழாம் படி: பெண்களின் ஆடையையும் அன்றாடப் போர்வையையும் மறவாதீர்கள்

பீல் என்பது பெண்களின் ஆடை. ஒரே மாதிரியான இரண்டு துணிகளைத் தோளிலும் பக்கங்களிலும் தைத்து, இடுப்பில் கச்சை கட்டி உடுத்தினார்கள். நடுப்பகுதி கறுப்பு அல்லது கரும்பழுப்பாகவும், மேல்கீழ் முனைகள் சிவப்பில் நீலப் படிக்கோலங்களோடும் இருக்கும். ஒற்றைத் துணியாகக் கிடைக்கும்போது இதைச் சிறு விரிப்பு என்று தவறாகக் குறிப்பது வழக்கம். ஓரங்களில் பழைய தையல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்களின் தோள் போர்வைகள் ஆண்களுடையதைவிடச் சிறியவை. சாம்பலும் கறுப்புமான குறுகிய கோடுகள் அவற்றின் அடையாளம்.

தியோகி எனப்படும் தடித்த, மென்மையான அன்றாடப் போர்வைகள்தான் அதிகம் நெய்யப்பட்டிருக்க வேண்டும். மேலே போர்த்தி, கீழே விரித்து, குதிரைமேல் போட்டுக் கிழியும்வரை பயன்படுத்தியதால் எஞ்சியவை குறைவு. அருங்காட்சியகங்களில் நாம் காண்பது பெரும்பாலும் விலைக்குப் போன சிறந்த துணிகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது, நவஹோ ஆடையைப் பற்றிய நம் மனச்சித்திரத்தைச் சற்றே திருத்தும்.

எட்டாம் படி: ஒத்த தோற்றமுடையவற்றைக் கழித்துவிடுங்கள்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நவஹோக்கள் தாங்களே நெய்ததை உடுத்துவதை விட்டு, பென்டில்டன் போன்ற ஆலைகளின் போர்வைகளுக்கு மாறினார்கள். ஆலைப் போர்வைகள் இரட்டைத் துணி நெசவில், முன்னும் பின்னும் நிறம் மாறி, வளைந்த மூலைகளோடும் தைத்த விளிம்போடும் வருபவை. கைநெசவு நவஹோ போர்வை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். இந்த ஒரு வேறுபாடே போதும்.

மெக்சிகோவிலும் இந்தியாவிலும் நெய்யப்படும் நகல்களைத் தனித்தனியே விவரிக்க வேண்டியதில்லை. இரண்டாம் படியின் ஓரச்சோதனை அவற்றில் பெரும்பாலானவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். அவை மோசமான துணிகள் என்று பொருளில்லை, நவஹோ என்ற பெயரில் விற்பதுதான் தவறு. 1990-ஆம் ஆண்டின் இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி (இங்கே ‘இந்திய’ என்பது அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கிறது), பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகக் கூறி விற்பது அமெரிக்காவில் குற்றம். நவஹோ என்ற பெயரைத் தன் ஆடைகளுக்குப் பயன்படுத்திய அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் நிறுவனத்தின்மீது நவஹோக்களின் தன்னாட்சி அரசான நவஹோ தேசம் 2012-இல் தொடுத்த வழக்கு, 2016-இல் உடன்பாட்டில் முடிந்தது.

ஒன்பதாம் படி: வாங்குவதும் காப்பதும்

பழைய போர்வையை வாங்க எண்ணினால், மேலே சொன்ன ஒவ்வொன்றையும் எழுத்தில் கேளுங்கள்: பாவு எது, ஊடை எது, சாயச் சோதனை செய்யப்பட்டதா, எங்கே பழுதுபார்க்கப்பட்டது, யாரிடமிருந்து கைமாறி வந்தது. பழுதுபார்த்த இடம் துணியின் மதிப்பை ஓரளவு குறைக்கும். மறைத்து விற்றால் நம்பிக்கையை முழுவதும் குறைக்கும். பழையதற்குப் பணம் போதாதவர்கள் இன்றைய நெசவாளர்களிடம் நேரடியாக வாங்குவதே நல்லது. 1878-இல் தொடங்கி இன்று தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கும் கனாடோவின் ஹப்பெல் கடை இதற்கு ஓர் இடம்; நியூ மெக்சிகோவின் கிரவுன்பாயின்டில் 1968 முதல் அறியப்படும் நெசவாளர் ஏலம் இன்னொன்று, ஆனால் புறப்படுமுன் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த போர்வையை மடித்து அடுக்காதீர்கள். மடிப்பில் பாவு முறியும். அமிலமற்ற தாள் சுற்றிய குழாயில் பாவின் திசையில் சுருட்டி, துவைத்த பருத்தித் துணியால் மூடி வையுங்கள். மாட்டுவதாக இருந்தால் நேரடி வெயில் படாத சுவரில், மேல்விளிம்பு முழுவதும் எடையைத் தாங்கும்படி ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) தைத்து மாட்டலாம். ஆணியோ கவ்வியோ கூடாது. தூசியை, வலை போர்த்திய தூசியுறிஞ்சியின் மெல்லிய இழுப்பில் எடுக்கலாம். பூச்சி அரித்த தடயம் தெரிந்தால், காற்றுப் புகாத பையில் வைத்து, சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஒரு வாரம் உறைய வைத்து, பை திறக்காமலே அறை வெப்பத்துக்குக் கொண்டுவருவது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் முறை. எக்காரணம் கொண்டும் தண்ணீரில் நனைக்க வேண்டாம். 1870-களுக்குப் பிந்தைய சிவப்புகளில் பல ஒரே அலசலில் வெள்ளைப் பட்டைகளுக்குள் இறங்கிவிடும், இறங்கிய சாயத்தைத் துணிப் பாதுகாப்பு வல்லுநராலும் முழுமையாகத் திரும்ப எடுக்க முடிவதில்லை.